பேச்சு அறாத ஓட்டம்

தமிழில் ஓட்டத்தைக் குறிக்கும் தொடர்களை வரிசையாக அடுக்கினால் எல்லாவற்றிலும் ஆபத்தின் வாடை அடிக்கிறது. தலைதெறிக்க ஓடினான், பின்னங்கால் பிடரியில் பட ஓடினான், விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள், மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். பின்னால் துரத்துகிறவன் இருக்கிறான், அல்லது முன்னால் தவறிப்போகிற வண்டி இருக்கிறது. சற்றே தணிந்த ஓட்டத்தைக் காட்டும் 'ஓட்டமும் நடையுமாக' என்ற தொடர்கூட அவசரத்துக்குத்தான் பயன்படுகிறது. இதை மொழியின் குறை என்று சொல்ல முடியாது. மனிதர்கள் எதற்காக ஓடினார்கள் என்பதற்கு மொழி வைத்திருக்கும் சாட்சி அது. இன்று விடிகாலையில் பூங்காக்களிலும் கடற்கரைச் சாலைகளிலும் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்புகிறவர்களின் ஓட்டம் இந்தத் தொடர்கள் எதிலும் அடங்காது. அந்த ஓட்டம் ஒரு வழக்கமாக ஊன்றி அறுபது சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. எந்த ஊரில் ஊன்றியது என்பதும் தெரியும். வேகமாக ஓட முடியாதவர்களுக்காக நீர் ஊற்றி இளக்கிய பந்தய ஓட்டம் என்றே பலர் அதை நினைக்கிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மெதுவாக ஓடுவது தனியாகக் கற்க வேண்டிய ஒரு வித்தை. அந்த வித்தை பிறக்க வேண்டுமானால், வேகத்தை அளக்கும் கோல் எதிராளியின் முதுகிலிருந்தும் கடிகாரத்தின் முள்ளிலிருந்தும் விலகி, ஓடுகிறவரின் மூச்சுக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

ஓட்டம் நெடுங்காலம் பிழைப்பாக இருந்தது. நம் நாட்டில் தபால் பையைத் தோளில் தாங்கி, மணி கட்டிய கோலோடு காட்டுப் பாதைகளில் ஓடியவர்கள் இருந்தார்கள். வழி பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஓடிக் களைக்கும் இடத்தில் அடுத்தவர் பையை வாங்கிக்கொள்வார். ஐரோப்பாவில் பிரபுக்களின் குதிரைவண்டிக்கு முன்னால் ஓடுவதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். எந்த வேகத்தில் போனால் கட்டம் தாங்கும் என்பது இவர்களுடைய கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் அந்த வேலையில் நீடித்திருக்க முடியாது. ஆனால் வேகத்தை நிர்ணயித்தது சரக்கும் எஜமானும் நேர அட்டவணையும்தான். கூலிக்காரரின் அறிவு என்பதால் அதை எழுதிவைக்கவும் ஆளில்லை. இரண்டாவது வகையினர் பந்தயக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணம் கட்டி நடத்தப்பட்ட ஓட்டங்களிலும், பின்பு வந்த அமெச்சூர் போட்டிகளிலும் வேகத்தை முடிவுசெய்தவன் எதிராளி. அவன் விரைந்தால் இவனும் விரைய வேண்டும். கூலியும் வாங்காமல் பரிசும் தேடாமல் நாற்பது வயதுக் குமாஸ்தா ஒருவர் தெருவில் ஓடினால் அவர் திருடராகவோ பித்தராகவோ கருதப்படுவார். அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில்கூட, அரைக்கால் சட்டையில் ஓடிய பெரியவர்களைப் போலீசார் நிறுத்தி விசாரித்தார்கள். தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் ஓட்டக்காரர் என்று ஒருவர் இருக்க முடியும் என்ற எண்ணமே ஊன்றாத காலம் அது.

எதிராளியை அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 26 மைல் 385 கஜம் என்ற தூரம் முதன்முதலாக ஓடப்பட்டது அந்த ஜூலை 24-இல்தான். வெக்கையான நாள். சொந்த மண்ணின் ஆரவாரத்தில் முன்னால் பாய்ந்த பிரிட்டிஷ் வீரர்கள் முதல் மைலை ஐந்து நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் கடந்தார்கள். தொடக்கத்தில் முன்னணியில் நின்ற அவர்களில் யாரும் முடிவில் முன்னணியில் இல்லை. அவர்கள் ஓய்ந்தபின் தென்னாப்பிரிக்காவின் சார்ல்ஸ் ஹெஃபெரான் தலைமை ஏற்றார். அவரைப் பிடிக்க இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி கடைசி மைல்களில் தன்னை முழுக்கச் செலவழித்தார். பிடித்தும் விட்டார். அரங்கத்துக்குள் நுழைந்தபோது எந்தப் பக்கம் திரும்புவது என்றே அவருக்குத் தெரியவில்லை. விழுந்தார், எழுந்தார், மறுபடி மறுபடி விழுந்தார். மிச்சமிருந்த சில நூறு மீட்டரைக் கடக்க அவருக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் பிடித்தது. அதிகாரிகள் தாங்கிப் பிடித்ததால் தகுதி நீக்கமும் பெற்றார். தொடக்கத்தில் பின்தங்கியே வந்து, மற்றவர்கள் சரியச் சரிய மேலேறிய அமெரிக்கர் ஜானி ஹேய்ஸ் 2 மணி 55 நிமிடம் 18 நொடியில் தங்கம் வென்றார். புறப்பட்ட 55 பேரில் முடித்தவர்கள் 27 பேர். ஆனால் உலகம் நினைவில் வைத்தது ஹேய்ஸை அல்ல. விழுந்த பியெத்ரிக்கு மறுநாள் அரசி வெள்ளிக் கோப்பை அளித்தார். நிதானத்துக்குப் பதக்கம் கிடைத்தது. நிலைகுலைவுக்குப் புகழ் கிடைத்தது.

உயிரைப் பிழிந்து ஓடுவதே ஓட்டம் என்ற இந்தப் பார்வைக்கு மிகுந்த விலை கொடுத்தவர்கள் பெண்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். கடும் ஓட்டம் ஓடிய ஆண்களும் அப்படிச் சாய்வது வழக்கம்தான். பத்திரிகைகளோ பெண்ணுடல் சிதைந்துவிட்டதாகவே மிகைப்படுத்தி எழுதின. அந்தத் தூரம் பெண்களுக்கு 1960 வரை ஒலிம்பிக்கில் மறுக்கப்பட்டது. இந்த முடிவுக்குள் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. பெண்கள் பலவீனமானவர்கள் என்பது ஒன்று. ஓட்டத்துக்கு ஒரே ஒரு வேகம்தான் உண்டு, அதைத் தாங்காதவர் ஓடத் தகாதவர் என்பது இன்னொன்று. முதல் தவறைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவது தவறு பெண்களை மட்டுமல்லாமல் முதியவர்களையும் நோயாளிகளையும், பந்தயத்தில் வெல்ல வாய்ப்பில்லாத கோடிக்கணக்கான சாதாரண மனிதர்களையும் ஓட்டத்துக்கு வெளியே நிறுத்தியது.

எதிராளியின் பிடியிலிருந்து ஓட்டக்காரரை முதலில் விடுவித்தது கடிகாரம். பின்லாந்தின் பாவோ நூர்மி 1920களில் கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்தபடி ஓடினார். பக்கத்தில் ஓடுகிறவர் என்ன செய்கிறார் என்பதைவிட, இந்தச் சுற்று எத்தனை நொடி என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரையும் 5000 மீட்டரையும் ஒரே நாளில், மிகக் குறுகிய இடைவெளியில் அப்படித்தான் வென்றார். அதே காலத்தில் பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ.வி. ஹில் புல்தரையில் ஆட்களை ஓடவிட்டு, தானும் ஓடி, வெளிவிடும் மூச்சைப் பைகளில் பிடித்து அளந்தார். உள்ளே இழுக்கும் ஆக்சிஜனால் ஈடுகட்ட முடியாத வேகத்தில் ஓடினால் உடல் கடன் வாங்கி ஓடுகிறது, ஓய்வில் அதைத் திருப்பித் தருகிறது என்று அவர் விளக்கினார். 'ஆக்சிஜன் கடன்' என்ற அவருடைய சொல்லின் நுணுக்கங்களைப் பிற்கால ஆய்வு திருத்தியிருக்கிறது. ஆனாலும் அதன் சாரத்தை ஓட்டக்காரர் எவரும் மறுக்கமாட்டார். 1973-இல் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் இதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தார். அவர் கணக்குப்படி, 291 மீட்டருக்கு மேற்பட்ட எந்த ஓட்டத்திலும் புறப்பாட்டின் வேகமெடுப்பும் கடைசி ஓரிரு நொடிகளும் நீங்கலாக ஒரே சீரான வேகமே மிகக் குறைந்த நேரத்தைத் தரும். நூர்மியின் கை அறிந்ததைக் காகிதமும் ஒப்புக்கொண்டது.

ஆனால் கடிகாரம் பாதி விடையைத்தான் தந்தது. வேகம் சீராக இருக்கிறதா என்று அது சொல்லும். எந்த வேகத்தில் சீராக இருப்பது என்பதைச் சொல்லாது. நூர்மிக்குப் பல்லாண்டுப் பயிற்சியின் பதிவுகள் இருந்தன. அந்தப் பதிவுகள் இல்லாதவருக்கு ஸ்டாப்வாட்ச் வெறும் எண். சரி, எண் வேண்டாம், உடம்பே சொல்லட்டுமே என்று கேட்கலாம். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலைத் திடலில் நடந்ததை அதற்குப் பதிலாகச் சொல்லலாம். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட முயன்ற ரோஜர் பேனிஸ்டர் மருத்துவ மாணவர். டிரெட்மில்லில் ஆட்களை ஓடவிட்டு மூச்சை ஆராய்ந்தவர். முதல் சுற்றில் முன்னால் ஓடி வேகம் வகுத்துக் கொடுத்தவர் நண்பர் கிறிஸ் பிராஷர். மெதுவாகப் போகிறோம் என்று பேனிஸ்டருக்குத் தோன்றியது, "வேகம்!" என்று கத்தினார். பிராஷர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சுற்று 57.5 நொடியில் முடிந்தது. அதற்கு மேல் விரைந்திருந்தால் முயற்சி பாழாகியிருக்கும். கடைசியில் 3 நிமிடம் 59.4 நொடியில் வரலாறு எழுதப்பட்டது. உடலியல் படித்த, உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர் ஒருவருடைய உடம்பே முதல் நிமிடத்தில் பொய் சொன்னது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காரணம் எளியது. புறப்படும்போது தசையில் இருப்பு இருக்கிறது, உடல் சூடேறவில்லை, மூச்சும் இதயமும் தேவைக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கடன் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நிமிடங்களில்தான் கால் இறகுபோல் இருக்கிறது. பில் பிறகுதான் வருகிறது.

ஆகவே வேண்டியிருந்தது மூன்றாவது கோல். அது நியூசிலாந்தின் ஆக்லாந்தில், செருப்புத் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஆர்தர் லிடியார்ட் என்பவரிடமிருந்து வந்தது. 1917-இல் பிறந்த லிடியார்ட் ரக்பி ஆடியவர்; தன்னைத் திடகாத்திரமானவர் என்று நம்பியவர். ஓட்டக் கிளப்பின் மூத்தவர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடியபோது நெஞ்சு வெடிப்பதுபோல் ஆகி, அந்த நம்பிக்கை உடைந்தது. இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் இப்படி என்றால் நாற்பத்தேழில் என்ன ஆகும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பயிற்சி என்றால் திடலில் குறுந்தூரத்தை மூச்சுமுட்டத் திரும்பத் திரும்ப ஓடுவது என்று பலரும் நம்பிய காலத்தில், அவர் தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கி, சாலையில் நெடுந்தூரம் ஓடிப் பார்த்தார். அளவுக்கு அதிகமாகவும் ஓடினார், குறைவாகவும் ஓடினார். வாரத்துக்கு நூறு மைல், களைப்பு இருக்கலாம், நிலைகுலைவு இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தார். பயிற்சி செய், உடலை வதைக்காதே என்பதே அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதன் சுருக்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பேரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்காக ஸ்னெல் வாரந்தோறும் வைட்டாகெரே குன்றுகளில் 22 மைல் ஓடியிருந்தார் என்பதுதான் உலகை அதிரவைத்த செய்தி.

இந்தப் பதக்கங்களைவிட நீண்ட நாள் நிலைத்தது அதற்குப் பின் நடந்தது. லிடியார்டின் பேச்சைக் கேட்க வந்தவர்களில் தொந்தி விழுந்த வணிகர்களும் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் இருந்தார்கள். நோயாளிகள் ஓடலாமா என்ற கேள்விக்கு அன்றைய மருத்துவம் பெரும்பாலும் ஓய்வையே பதிலாகச் சொன்னது. ஆனால் காற்று திரும்பத் தொடங்கியிருந்தது. 1953-இல் ஜெரமி மோரிஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டியிருந்தது. நடத்துநர் எந்தப் பந்தயமும் ஓடவில்லை. தாங்கக்கூடிய உழைப்பை நாள்தோறும் செய்தார், அவ்வளவுதான். லிடியார்ட் சொன்னதும் ஏறக்குறைய அதே. தன் சாம்பியன்களுக்குக் கொடுத்த விதியையே இவர்களுக்கும் கொடுத்தார்: கொஞ்சம் ஓடு, நட, மறுபடி ஓடு, திணறாதே, பக்கத்தில் ஓடுகிறவரைத் தோற்கடிக்க நினைக்காதே. 1962-இல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் தொடங்கியது. ஓட்டத்தின் நெடிய வரலாற்றில், வெல்வதற்காக அல்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதற்காகக் கூடிய கூட்டம் இது. 'ஜாகிங்' என்ற சொல் ஆங்கிலத்தில் பழையதுதான். குதிரையும் மனிதரும் குலுங்கிக் குலுங்கிப் போவதைக் குறித்த சொல். அதற்கு ஒரு வழக்கமும் ஒரு சங்கமும் அமைந்தது ஆக்லாந்தில்.

அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். வயது ஐம்பத்தொன்று. பெரும் ஓட்டக்காரர்களை உருவாக்கியவர் என்றாலும் தான் ஓடுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஜாகர்களோடு ஓடச் சென்றவர் சிறிது தூரத்திலேயே மூச்சுத் திணறிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்த, மாரடைப்புகளிலிருந்து மீண்ட முதியவர் ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சுத்துணையாக வந்தார். ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் அறியாததை ஓய்வுபெற்ற ஒரு நோயாளி அறிந்திருந்தார் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. சில வாரங்களில் பவர்மனும் பழகிக்கொண்டார். 1963-இல் யூஜின் நகரத்துக்குத் திரும்பி, பல்கலைக்கழகத் திடலுக்கு வந்து ஓடும்படி ஊராரை அழைத்தார். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது. யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சி, இதய மருத்துவர் வால்டோ ஹாரிஸின் துணையோடு சிறு குழுக்களை வைத்து முறையாகச் சோதித்தார். இருவரும் எழுதிய 'ஜாகிங்' என்ற சிறுநூல் 1967-இல் வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிற்காலத்தில் நைக் ஆன நிறுவனத்தை ஃபில் நைட்டுடன் தொடங்கியவரும் இதே பவர்மன்தான். காலணி வியாபாரத்தின் பெரும்புகழில் அந்தச் சிறுநூல் மறைந்துபோனது. அதில் இருந்த முக்கியமான கருவிக்குக் காசு தேவையில்லை: ஓடும்போது பேசிப் பார், பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறை.

பாட்டி வைத்தியம்போலத் தோன்றும் இந்தச் சோதனைக்குள் நுட்பமான உடலியல் இருக்கிறது. பேச்சு என்பது வெளிமூச்சின் வேலை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூச்சை அடக்கி, அளந்து வெளிவிட வேண்டும். தசைகள் ஆக்சிஜனைக் கொண்டே எரித்துச் சமாளிக்கும் வேகத்தில் உடல் இந்த அடக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் அமிலம் ஏறுகிறது, கரியமில வாயு மிகுகிறது, அதை வெளித்தள்ள மூச்சு விரைகிறது. அப்போது வாக்கியம் சொற்களாக உடைகிறது, சொற்கள் முனகலாக உடைகின்றன. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துக் கண்டறியும் வரம்பை நாக்கு ஏறத்தாழ அதே இடத்தில் காட்டிவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கால் இறகுபோல் இருப்பதாக உடம்பு பொய் சொல்லும்போதும் பேச்சு பொய் சொல்வதில்லை. நாம் திணறுவதை நமக்கு முன்பே பக்கத்தில் வருகிறவர் கவனித்துவிடுவார். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கன் என்ற மருத்துவரும் இதே காலத்தில் மெல்லோட்டத்தை வலியுறுத்தினார். ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் போர்க், உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6 முதல் 20 வரை எண்ணிட்டுச் சொல்லும் அளவுகோலை உருவாக்கினார்; எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வந்துவிடும். உள்ளிருந்து அளப்பது மூடநம்பிக்கை அன்று, முறையான அளவீடு என்று அறிவியலும் ஒத்துக்கொள்ளத் தொடங்கிய காலம் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மெல்லோட்டம் மனிதகுலத்தின் தொல்சொத்து ஆயிற்றே, அதை ஆக்லாந்து எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? 2004-இல் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, நீண்ட தூரம் ஓடுவதற்கேற்ப மனித உடல் பரிணமித்தது என்று எலும்பையும் தசைநாரையும் காட்டி வாதிட்டது. வியர்க்கும் தோலும் வில்போன்ற குதிகால் தசைநாரும் இருக்கும் விலங்குக்கு யாரும் ஓடக் கற்றுத்தர வேண்டாம் என்று அதிலிருந்து சிலர் முடிவு கட்டுகிறார்கள். உடலின் தகுதியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தகுதி வேறு, அளவு வேறு. வேட்டைக்காரரின் வேகத்தை முடிவுசெய்தது மான். தபால்காரரின் வேகத்தை முடிவுசெய்தது அட்டவணை. துரத்தும் பொருளும் துரத்துகிற ஆளும் இல்லாதபோது எவ்வளவு வேகமாக ஓடுவது என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. அது ஓய்வுநேரம் பெற்ற, நாற்காலியில் உட்கார்ந்து வேலைசெய்கிற நகரத்து மனிதரின் கேள்வி. பேசுகிற உறுப்பு பிறவியில் வருகிறது என்பதற்காக மேடைப்பேச்சும் பிறவியில் வந்துவிடுகிறதா?

இன்னொரு மறுப்பு லிடியார்டின் சொந்த முகாமிலிருந்தே வரும். அவருடைய வீரர்கள் மெதுவாக ஓடியவர்கள் அல்லர். குன்றுகளில் அவர்கள் ஓடிய வேகத்தில் நம்மில் பலர் ஒரு கிலோமீட்டர்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பருவத்தின் கடைசிக் கட்டத்தில் திடலில் மூச்சுமுட்ட ஓடவும் செய்தார்கள். ஆகவே மெல்லோட்டத்தின் தந்தை என்று அவரை அழைப்பது பொருந்தாது என்பார்கள். உண்மைதான், அந்த உண்மை இந்த வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. ஸ்னெல்லின் நிதானமும் இதயநோயாளியின் நிதானமும் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கில் எட்டாத தூரத்தில் இருந்தன. மூச்சின் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரே விதியை ஒலிம்பிக் வீரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் கொடுக்க முடிந்தது, அந்த விதி எண்ணாக இல்லாததால்தான். தலைசிறந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சியைப் பின்னாளில் ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்கள் தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எளிதான முயற்சியில் செய்கிறார்கள் என்று காட்டினார். மெல்லோட்டத்தில் முன்னேற்றமே இருக்காது என்று நாள்தோறும் முழுமூச்சில் ஓடுகிற பொழுதுபோக்கு ஓட்டக்காரர், தான் பின்பற்றுவதாக நினைக்கும் சாம்பியன்களுக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறார்.

மூன்றாவது மறுப்பு கனமானது. 'ஓட்டத்தின் முழுநூல்' என்று 1977-இல் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984 ஜூலையில் வெர்மான்ட்டில் ஓடும்போதே மாரடைப்பால் இறந்தார். வயது 52. நிதானமான ஓட்டம் காப்பாற்றும் என்றவர்களுக்கு அது பேரிடியாக விழுந்தது. ஃபிக்ஸின் தந்தை முப்பத்தைந்தில் மாரடைப்பு கண்டு நாற்பத்து மூன்றில் இறந்தவர். ஃபிக்ஸும் ஓடத் தொடங்குமுன் கடுமையாகப் புகைத்தவர், பருத்தவர். எனவே ஓட்டம் அவரைக் கொன்றது என்பதும் தவறு, ஓட்டம் எவரையும் காக்கும் கவசம் என்பதும் தவறு. அதே ஆண்டில் டேவிட் சிஸ்கோவிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் சேர்த்தே சொன்னது: கடும் உழைப்பின் நிமிடங்களில் இதயம் நின்றுபோகும் ஆபத்து தற்காலிகமாக உயர்கிறது, ஆனால் வழக்கமாக உழைக்கிறவருக்கு மொத்த ஆபத்து குறைகிறது, என்றோ ஒருநாள் திடீரென்று உழைக்கிறவருக்குத்தான் அந்த நிமிடங்கள் மிகக் கொடியவை. பவர்மன் கூட்டத்தைக் கண்டு அஞ்சியதும், மருத்துவரைத் துணைக்கு அழைத்ததும் சரியே என்று இது காட்டுகிறது. மூச்சு என்ற கோல் வேகத்தை அளக்கும். ரத்தக்குழாயின் அடைப்பை அளக்காது. அந்த எல்லையை ஒப்புக்கொள்வதால் கோல் வளைந்துவிடாது.

கடைசி மறுப்பு நம் காலத்தினுடையது. 1982-இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாமல் நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கருவியைக் கொண்டுவந்தது. இன்று செயற்கைக்கோள் பார்த்துக் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று சொல்லும் கடிகாரம் பலர் மணிக்கட்டில் இருக்கிறது. இவ்வளவு துல்லியம் கையிலிருக்கும்போது பேசிப் பார்ப்பானேன்? நூர்மியின் கடிகாரத்துக்குச் சொன்ன பதிலே இதற்கும் பதில். எண் தவறில்லை; எந்த எண் என்பதை எண் சொல்லாது. வெயிலும் தூக்கமின்மையும் மேட்டுச்சாலையும் நேற்றைய எண்ணை இன்று பொய்யாக்கிவிடும். 2015-இல் ராபர்ட் டீனர் குழுவினர் 14 அமெரிக்க மாரத்தான்களில் ஓடியவர்களின் நேரங்களை, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை, ஆராய்ந்தார்கள். இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக ஏறத்தாழ 16 சதவீதமும் பெண்கள் ஏறத்தாழ 12 சதவீதமும் தளர்ந்திருந்தார்கள். கடிகாரமும் தூரப்பலகையும் கண்முன் இருந்தும் பெரும்பாலோர் 1908-இல் செய்த பிழையையே செய்தார்கள். 1928-இல் நெடுந்தூரத்துக்குத் தகாதவர்கள் என்று விலக்கப்பட்டவர்களே அந்தப் பிழையைக் குறைவாகச் செய்தார்கள். உடலியல் வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம். புறப்படும்போது தன்னைப் பற்றி எவ்வளவு பெரிதாக நினைத்துக்கொள்கிறோம் என்பதும் காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் கருவியின் துல்லியம் கூடியதால் நிதானம் கூடிவிடவில்லை.

பேனிஸ்டரின் கத்தலுக்குக் காது கொடுக்காத கிறிஸ் பிராஷர் 1981-இல் ஜான் டிஸ்லியோடு சேர்ந்து லண்டன் மாரத்தானைத் தொடங்கினார். பியெத்ரி விழுந்த அதே நகரம். முதல் போட்டியில் முன்னால் வந்த டிக் பியர்ட்ஸ்லியும் இங்கெ சிமொன்சனும் முடிவுக்கோட்டைக் கைகோத்துக் கடந்தார்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தவர்களில் பலர் வாழ்க்கையில் எந்தப் பந்தயத்திலும் வென்றிராதவர்கள், வெல்லப்போவதும் இல்லை என்று அறிந்தவர்கள். எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் 27 பேர் மட்டுமே முடித்த தூரத்தை அவர்கள் முடித்தார்கள். தங்களால் எது தாங்கும் என்பதை முன்கூட்டியே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் கல்வியின் முதல் பாடம் ஆக்லாந்தில் சொல்லித்தரப்பட்டது: கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, இடையில் பேச்சு. தமிழில் அதற்குச் சொல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'ஓட்டமும் நடையுமாக' என்ற தொடர் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருக்கும் அவசரத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும்.